பாம்பு படுக்கும் தரை

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளில் ஆண்டு முடிவில் ஹர்மட்டான் என்றொரு காற்று வீசத் தொடங்கும். சகாராவின் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் காற்று; உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டது. அந்தப் புல்வெளிகளில் வாழும் பந்து மலைப்பாம்பு அந்நாட்களில் பகலில் வெளியே தலைகாட்டுவதில்லை. எலி தோண்டிய வளைக்குள்ளோ பழைய கரையான் புற்றுக்குள்ளோ சுருண்டு கிடக்கிறது. மேலே நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் வளைக்குள் மண் தன் ஈரத்தை எளிதில் விடுவதில்லை. காற்றோட்டம் குறைந்த அந்த இடுக்கில், மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் அங்கேயே தங்கிவிடுகிறது. புல்வெளிப் பாம்பு என்று நாம் அழைத்தாலும், அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது ஈரமும் இருட்டுமான ஒரு பொந்தில்.

அந்தப் பாம்புதான் இன்று அமெரிக்க வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று. இன்னொன்று அந்நாட்டுக்கே உரிய சோளப்பாம்பு. புளோரிடா, ஜார்ஜியா, கரோலினா பகுதிகளின் பைன் காடுகளிலும் பழைய தானியக் களஞ்சியங்களிலும் எலி தேடித் திரிவது. மரப்பட்டைக்கு அடியிலும் விழுந்த கட்டைகளின் கீழும் ஒளிந்துகொள்வது. இரண்டும் நஞ்சற்றவை. நன்றாகப் பேணினால் இரண்டுமே 20 ஆண்டுகளைத் தாண்டி வாழக்கூடியவை. வாங்கிய முதல் நாள் செலவு அதிகம் என்று வளர்ப்பவர் நினைத்திருப்பார். ஆனால் கண்ணாடித் தொட்டி ஒரு தடவைச் செலவு. தரையில் பரப்பும் படுக்கை 20 ஆண்டுச் செலவு. எனவே மலிவான படுக்கை எது என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை விலைச்சீட்டில் கிடைக்காது. பாம்பின் தோல், நுரையீரல், மரத்தின் வேதியியல் மூன்றையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் எது மலிவு, எது மலிவுபோல் தோன்றும் வீண்செலவு என்று பிரிக்க முடியும்.

மேலே செல்லுமுன் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் அடைத்து வளர்ப்பது குற்றம். சாரை, நல்லபாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு எதற்கும் விலக்கில்லை. அந்தச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போரும் பதிவு செய்யவேண்டும் என்கிறது. பந்து மலைப்பாம்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த அத்தியாயம், சட்டம் இடம் தரும் நாடுகளில் பாம்பு வளர்ப்போரின் அனுபவத்தையும் ஆய்வுகளையும் பற்றியது.

முதலில் தோல். பாம்பின் செதில்கள்தான் அதன் உடல்நீரைக் காக்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1972இல் லிக்ட், பென்னட் என்ற இரு ஆய்வாளர்களுக்குப் பிறவியிலேயே செதில் இல்லாத ஒரு கோஃபர் பாம்பு கிடைத்தது. அதன் தோல் வழியே எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். செதில் உள்ள பாம்புக்கும் அதற்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் நீரைத் தடுப்பது எது? 1980இல் ராபர்ட்ஸ், ஹார்வி லில்லிவைட் இருவரும் பாம்புச் சட்டையை எடுத்து, அதிலிருந்த கொழுப்புப் பொருட்களைக் கரைப்பான் கொண்டு நீக்கினார்கள். அதன்பின் அந்தச் சட்டை நீராவியைத் தாராளமாக வெளியே விட்டது. தோலின் அடுக்குகளுக்கு இடையில் படிந்திருக்கும் மெல்லிய கொழுப்புதான் காவல் என்பது தெளிவானது.

அந்தக் காவல் நல்ல காவல்தான், ஆனால் முழுக் காவல் இல்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் பாம்பு ஓயாமல் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு விரைவாக இழக்கிறது. சட்டை உரிக்கும் காலத்தில் இது கண்ணுக்குத் தெரியும் சிக்கலாகிவிடும். பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் உருவானதும் இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் கசிகிறது. அப்போது பாம்பின் கண்கள் பால் நிறமாக மங்கும், உடல் வெளிறும். சில நாளில் கண் தெளியும். பிறகு மூக்கு நுனியைக் கரடுமுரடான ஒன்றில் தேய்த்து, பாம்பு தன் சட்டையை ஒரே துண்டாகக் கழற்றிப் போடும். காற்று மிக வறண்டிருந்தாலோ பாம்பின் உடலில் நீர் குறைந்திருந்தாலோ பழைய தோல் சரியாகப் பிரியாது. துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் வளையம்போல் இறுகி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருப்பது ஒரு தெளிந்த செதில். அதுவும் சட்டையோடு கழலவேண்டும். கழலாமல் அடுக்கடுக்காகத் தங்கினால் பார்வைக்கே ஆபத்து.

ஆகவே தொட்டியின் காற்றில் ஈரம் வேண்டும். பந்து மலைப்பாம்புக்குச் சுமார் 60 முதல் 80 சதவீதம், சோளப்பாம்புக்கு 40 முதல் 60 சதவீதம் என்று வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். குளிர்நாட்டு வீட்டில் இதை எட்டுவது எளிதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 22 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக் காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று தொட்டிக்குள் நுழைந்து விளக்கின் கீழே 32 டிகிரிக்குச் சூடாகிறது. அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 34 கிராம் வரை நீராவி ஏந்தக் கூடியது. இருப்பதோ 8. ஈரப்பதம் 23 சதவீதம் அளவுக்கு வீழ்ந்துவிட்டது. ஒரு சொட்டு நீரும் வெளியேறவில்லை. சூடேற்றியதே காற்றை வறட்சியாக்கிவிட்டது. இந்தப் பள்ளத்தை நிரப்பும் நீர் எங்கிருந்து வரும்? தண்ணீர்க் கிண்ணத்தின் சிறிய மேற்பரப்பிலிருந்து வருவது போதாது. தொட்டி முழுவதும் பரந்து கிடக்கும் தரைதான் நீர்த்தேக்கம் ஆகவேண்டும். ஆப்பிரிக்க வளையில் மண் செய்த வேலையை இங்கே படுக்கை செய்யவேண்டும்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சோளப்பாம்புக்கு நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருப்பது ஆஸ்பென் மரச்சீவல். வெளிர் நிறம், மெத்தென்ற இழை, வாசனை கிடையாது. பாம்பு அதற்குள் துளைத்துப் போனால் வழி மூடிக்கொள்ளாமல் சுரங்கம்போல் நிற்கும். ஆனால் ஈரம் பட்டால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும். தென்னை நார்க்கழிவோ, நாம் கோகோபீட் என்று தோட்டத்துக்கு வாங்குவது அதுதான், தன் எடையைப் போல் எட்டு மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும். இரண்டும் செடியிலிருந்து வந்தவைதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ். அதைக் கட்டிவைத்திருப்பது லிக்னின். பூஞ்சைகளுக்குச் செல்லுலோஸ் எளிய உணவு. லிக்னினைச் செரிப்பது கடினம். ஆஸ்பெனில் லிக்னின் குறைவு, காப்பு வேதிப்பொருட்களும் மிகக் குறைவு. அதனால் அது விரைவில் மக்கும் மரங்களில் ஒன்று. தென்னை நார்க்கழிவில் லிக்னின் அதிகம்; டானினும் உண்டு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் ஒரு காலத்தில் இது மலைமலையாகக் குவிந்து கிடந்ததற்கும் இதே காரணம்தான்: மழையில் நனைந்தும் மக்காமல் கிடந்தது. நமக்கு அன்று தலைவலியாக இருந்த அந்தக் குணம், ஈரத்தோடு கெடாமல் இருக்கவேண்டிய பாம்புத் தரைக்குக் கிடைத்த வரம். இன்று தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இறுக்கிக் கட்டிய கட்டிகளாகக் கப்பலேறிப் போகிறது. அமெரிக்கக் கடையில் பாம்புப் படம் போட்ட உறைக்குள் இருக்கும் பழுப்புக் கட்டி பல சமயம் நம் ஊர் மட்டையிலிருந்து வந்ததே.

மக்காமல் நிற்கும் மரங்கள் வேறு சிலவும் உண்டு. சிடார் அவற்றில் பெயர்பெற்றது. துணிப்பெட்டியில் சிடார் பலகை வைத்தால் பூச்சி அண்டாது என்பார்கள். மலிவாகவும் மணமாகவும் கிடைக்கிறதே, பாம்புக்கும் போடலாமே என்று தோன்றும். இங்கேதான் மிகக் கவனம் வேண்டும். பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டும் ஆவியெண்ணெய்கள் தொட்டிக்குள் அடைபட்டிருக்கும் விலங்கை மட்டும் விட்டுவைக்குமா?

இதற்கு ஒரு தடயம் ஆய்வக எலிகளிடமிருந்து கிடைத்தது. 1966இல் ஃபெர்குசன் என்பவர், தூக்க மருந்து கொடுத்த எலிகள் எவ்வளவு நேரம் தூங்குகின்றன என்பது கூண்டில் பரப்பிய படுக்கையைப் பொறுத்து மாறுவதைப் பதிவு செய்தார். செஞ்சிடார் சில்லுகளின் மேல் வளர்ந்த எலிகள் குறைந்த நேரமே தூங்கின. அடுத்த ஆண்டு மருந்தியல் அறிஞர் எலியட் வெசல் காரணத்தைக் கண்டார். சிடார், பைன் போன்ற ஊசியிலை மரச் சீவல்களிலிருந்து எழும் ஆவி எலிகளின் ஈரலில் நஞ்சு முறிக்கும் நொதிகளைத் தூண்டிவிட்டிருந்தது; அந்த நொதிகள் தூக்க மருந்தையும் விரைவாகச் சிதைத்துவிட்டன. பீச், பிர்ச், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரச் சீவல்களில் இருந்த எலிகளிடம் இந்த மாற்றம் இல்லை. ஈரல் ஓய்வின்றி எதையோ முறித்துக்கொண்டிருந்தது என்றால், எலிகள் ஓயாமல் எதையோ சுவாசித்துக்கொண்டிருந்தன என்று பொருள்.

இது எலியில் கண்டது. பாம்பின் நிலை இன்னும் இக்கட்டானது என்று கருதுவதற்கு அதன் உடலமைப்பே காரணம். சோளப்பாம்பின் இடது நுரையீரல் பெயருக்குத்தான் இருக்கிறது. வலது நுரையீரல் ஒன்றுதான் நீண்ட குழாயாக வேலை செய்கிறது. மலைப்பாம்புகளுக்கு இரண்டு உண்டு, இடது சிறியது. எந்தப் பாம்புக்கும் நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. அதனால் வலுவாக இருமிச் சளியையோ தூசியையோ வெளியே தள்ள முடியாது. உள்ளே போனது உள்ளேயே தங்கும். நுரையீரல் தொற்று வந்தால் எளிதில் விடாது. தவிர, பாம்பு நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களைத் தன் மேலண்ணத்து ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோய்த்தான் உலகை அறிகிறது. சிடார் வாடையில் அதை அடைத்துவைப்பது அந்தப் புலனையே மூழ்கடிப்பது. சிடார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை. பைன் கொஞ்சம் வேறு: சூளையில் உலர்த்திய பைனில் ஆவியெண்ணெயின் பெரும்பகுதி போய்விடுகிறது. அதைப் பயன்படுத்தித் தீங்கு காணாதவர்களும் பலர். ஆனால் ஏறக்குறைய அதே விலையில் ஆஸ்பென் கிடைக்கும் ஊரில் அந்த ஐயத்தை எதற்குச் சுமக்கவேண்டும்?

எல்லாவற்றையும்விட மலிவான தரை பழைய செய்தித்தாள். அதைத் தாழ்வாக நினைக்கவேண்டாம். பாம்பின் உடல், தாளுக்கு ஏற்றபடியே கழிவை வெளியேற்றுகிறது. நாம் யூரியாவை நிறைய நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பாம்பு நீரை மிச்சப்படுத்த யூரிக் அமிலமாக, சுண்ணாம்புக்கட்டிபோல் வெள்ளையாக வெளியேற்றுகிறது. வளர்ந்த சோளப்பாம்புக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஓர் எலி போதும்; கழிவும் அதே கணக்கில்தான். அன்று தாளைச் சுருட்டி எடுத்துவிட்டுப் புதுத்தாள் விரித்தால் வேலை முடிந்தது. முயலுக்கோ வெள்ளெலிக்கோ இப்படி முடியாது.

புதிதாக வந்த பாம்பை முதலில் வெள்ளைத்தாளில்தான் வைக்கவேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பாம்புகளைத் தாக்கும் ஓர் உண்ணி உண்டு. இரத்தம் குடித்து வளர்ந்த பிறகும் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவே. மரச்சீவலுக்குள் அது ஒளிந்து பெருகினால் தொட்டி முழுவதும் பரவிய பிறகுதான் தெரியவரும். வெள்ளைத்தாளில் கறுப்புப் புள்ளி ஊர்ந்தால் அன்றே தெரியும். கழிவில் இரத்தமோ புழுவோ இருந்தாலும் அப்படித்தான். முதல் ஒன்றிரண்டு மாதம் தாளில் கழிந்தால் பின்னால் வரும் பெருஞ்செலவு பலவும் தவிரும்.

தாளுக்கு இரண்டு குறை. ஈரம் தாங்காது, பாம்பு புதைந்துகொள்ள இடம் தராது. முதல் குறைக்குக் காசில்லாத மருந்து இருக்கிறது. தயிர் டப்பாவோ ஐஸ்கிரீம் டப்பாவோ எடுத்து, பாம்பு நுழையும் அளவு ஓட்டையிட்டு, ஓட்டையின் விளிம்பை வழவழப்பாக்கி, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியையோ காகிதத் துண்டையோ நிரப்பி மூடிவைத்தால் அதுவே வளை. தொட்டி முழுவதையும் ஈரமாக்காமல் ஒரு மூலையில் மட்டும் ஈரத்தை வைத்திருப்பது. தேவைப்படும்போது பாம்பு தானே தேடிப்போகும். சட்டை உரிக்கும் நாளில் பல பாம்புகள் அதைவிட்டு வெளியே வருவதில்லை.

தேவைக்கு ஏற்ற தரை என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. அரசு அனுமதியோடு பிடித்த நல்லபாம்பையும் விரியனையும் அவர்கள் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நாட்களில் பாம்புகள் இருப்பது மண்பானைகளில். அடியில் மணல், வாயில் கட்டிய துணி. மண்பானையின் நுண்துளைகள் காற்றை விடுகின்றன. உள்ளே இருட்டும் குளிர்ச்சியும் இருக்கிறது. குறுகிய காலத்துக்கு வைக்க அதற்குமேல் எதுவும் தேவையில்லை. பாம்பை அறிந்தவர்கள், அருகில் கிடைப்பதைக்கொண்டு அமைத்த தரை அது. 20 ஆண்டு வளர்ப்புக்கு அது போதாது என்பதும் உண்மை.

இனி விலை. பையின் விலையைப் பார்க்காமல் லிட்டரின் விலையைப் பார்க்கவேண்டும். நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தொட்டியின் தரை சுமார் 120 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப 36 லிட்டர் வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு 72 லிட்டர். 650 கிராம் கோகோபீட் செங்கல் ஒன்று நனைத்தால் 8 லிட்டர் அளவுக்கு உப்பும். அப்படியானால் 72 லிட்டருக்கு ஒன்பது செங்கல்கள். தோட்டக் கடையில் விற்கும் 5 கிலோ கட்டி ஒன்றே ஏறக்குறைய அந்த வேலையை முடித்துவிடும். உள்ளே இருக்கும் பொருள் ஒன்றுதான். விலை பெரும்பாலும் பல மடங்கு வேறு. ஆஸ்பெனும் அப்படியே. செல்லப்பிராணிக் கடையின் சிறிய பையைவிட, குதிரை லாயங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் விற்கும் பெரிய இறுக்கிய மூட்டை லிட்டருக்கு மிகக் குறைவு. தூசி நீக்கியதா, வேறு மரம் கலக்காததா என்பதை மட்டும் உறை பார்த்து உறுதி செய்தால் போதும். பிரிட்டனில் குதிரைகளுக்காக விற்கும் சணப்புத் தண்டுச் சில்லும் இப்படித்தான் பாம்பு வளர்ப்பவர்களிடம் வந்து சேர்ந்தது.

தோட்டக் கடைக் கோகோபீட்டில் இரண்டைக் கவனிக்கவேண்டும். உரம் சேர்த்த கட்டி கூடாது. மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கும். கடலோர ஊர்களில் உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டையில் இன்னும் கூடுதல். கழுவிய சரக்கு என்று எழுதியிருப்பதை வாங்கி, வீட்டிலும் ஒருமுறை ஊறவைத்துப் பிழிந்துவிடுவது நல்லது. பதம் முக்கியம். புட்டுக்கு மாவு பிசிறுவோமே, பிடித்தால் பிடிபட்டு விரலால் தட்டினால் உதிரவேண்டும், அதே பதம். கையில் நீர் வடிந்தால் அதிகம். முற்றிலும் காயவிட்டாலோ தூசி பறக்கும். பந்து மலைப்பாம்பின் உதட்டோரம் உள்ள வெப்பம் உணரும் குழிகளில் போய் அடையும்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் மேல்மண். உரமும் பெர்லைட்டும் கலக்காத சாதாரண மண் மூட்டை அமெரிக்கத் தோட்டக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மண்ணோடு பாதியளவு கோகோபீட் கலந்தால் பந்து மலைப்பாம்புக்கு அருமையான தரை. அது பிறந்த நாட்டு வளையை ஓரளவு நெருங்கும். கொஞ்சம் கழுவிய மணலும் சேர்த்தால் துளைக்கும் வழிகள் இடியாமல் நிற்கும்.

ஈரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மேலிருந்து தினமும் தெளித்தால் மேற்பரப்பு நனையும். அதுதான் பாம்பின் வயிறு உராயும் இடம். ஓயாத ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதில்களுக்கு அடியில் கொப்புளம் கிளம்பி நுண்ணுயிர் புகுந்து புண்ணாகும். பெரும்பாலும் அழுக்கும் ஈரமும் சேர்ந்தே இதைச் செய்கின்றன. அதற்குப் பதிலாகத் தொட்டியின் மூலைகளில் தண்ணீரை மெல்ல ஊற்றி அடிக்கு இறங்க விடவேண்டும். அடித்தளம் நனைந்து மேல்பகுதி காய்ந்திருக்கும். அடியிலிருந்து நீர் நுண்துளைகள் வழியே மெதுவாக ஏறி ஆவியாகும். காற்றில் ஈரம், வயிற்றுக்கு வறட்சி. கனமான தரை வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டு சென்டிமீட்டர் கோகோபீட்டில் இது நடக்காது.

வேறு பொருட்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மக்காச்சோளத் தக்கைத் துகள் ஈரத்தில் உடனே பூஞ்சை பிடிக்கும். விழுங்கினால் குடலை அடைக்கும். உடைத்த வால்நட் ஓடு கூர்மையானது. பூனை மணலைத் தொடவே வேண்டாம். வெறும் மணல் கென்ய மணல் போவா போன்ற மணலில் வாழும் இனத்துக்குப் பொருந்தும், காட்டுப் பாம்புக்குப் பொருந்தாது. செயற்கைப் புல்விரிப்பைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம், ஆனால் ஓரத்து இழை பிரிந்தால் பாம்பின் உடலைச் சுற்றி இறுக்கக்கூடும். சைப்ரஸ் மரச்சில்லு ஈரத்தை நன்றாகத் தாங்கும்; அது அமெரிக்கத் தென்பகுதிச் சதுப்புக் காடுகளை வெட்டி வருகிறது என்பதால், கயிற்றுத் தொழிலின் மிச்சமான கோகோபீட் இருக்கும்போது அதை வாங்க எனக்கு மனமில்லை.

எந்தத் துகள் தரையானாலும் இரையோடு சேர்ந்து கொஞ்சம் வாய்க்குள் போகும். ஈரம் குறையாத, சரியான வெப்பத்தில் இருக்கும் பாம்பு சிறுசிறு இழைகளைப் பெரும்பாலும் கழிவோடு வெளியேற்றிவிடும். நனைந்த எலிதான் சீவலை அள்ளி ஒட்டிக்கொள்ளும். உறையவைத்து இளக்கிய எலியைத் துடைத்து, ஓர் ஓட்டின் மேலோ தட்டிலோ வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம்.

தாளின் இரண்டாம் குறையான புதைய இடமின்மைக்கு வருவோம். இது சொகுசு என்று ஒதுக்கத்தக்கதா? டென்னசி பல்கலைக்கழகத்தில் அல்ம்லியும் கார்டன் பர்க்கார்டும் சோளப்பாம்பின் நெருங்கிய உறவான எலிப்பாம்புகளை இரு வகையாக வளர்த்தார்கள். ஒரு குழுவுக்கு எளிய வெறுங்கூண்டு. மற்றதற்கு ஒளியவும் ஏறவும் துழாவவும் இடமுள்ள கூண்டு. 2006இல் வெளியான முடிவின்படி, வளமான கூண்டில் வளர்ந்தவை சிக்கலைத் தீர்க்கும் சோதனையில் அதிகத் தேர்ச்சி காட்டின. பாம்பை உணர்ச்சியற்ற கயிறாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு வலுவாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தால்தான் பல பாம்புகள் 20 ஆண்டையும் ஒரு தாளின் மேல் கழிக்கின்றன. முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தாள், அதன்பின் புதையக்கூடிய தரை என்பதே என் முடிவு. கோகோபீட்டின் விலையில் அது கட்டுப்படியாகாத செலவே இல்லை.

நீண்டகாலக் கணக்கில் இன்னும் சிக்கனமான வழி, தரையையே உயிருள்ளதாக்குவது. மண்ணும் கோகோபீட்டும் காய்ந்த இலைச் சருகும் ஆழமாகப் பரப்பி, ஸ்பிரிங்டெயில் என்ற பூச்சி போன்ற நுண்ணிய உயிர்களையும், கல்லுக்கடியில் வாழும் ஐசோபாடுகளையும் விடுகிறார்கள். பூஞ்சையை முதலாவது தின்கிறது. கழிவின் மிச்சத்தை இரண்டாவது தின்கிறது. பெரிய கழிவை மட்டும் கையால் எடுத்துவிட்டால், முழுத் தரையையும் மாற்றும் வேலை நெடுநாள் தள்ளிப்போகும். ஆஸ்பென் என்றால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றவேண்டும். அதோடு ஒப்பிட்டால் முதலில் கொடுக்கும் கூடுதல் பணம் திரும்பிவிடும். மாற்றும்போது தொட்டியைக் கழுவப் பினாயில், டெட்டால் வகைகளைப் பயன்படுத்தாதீர்கள். பீனால் சார்ந்த கிருமிநாசினிகள் பாம்புக்கு நஞ்சு. நீர்த்த ப்ளீச்சால் துடைத்து, நன்றாக அலசி, வாடை போகும்வரை காயவிட்டாலே போதும்.

படுக்கையில் மிச்சமாகும் பணத்தை எங்கே போடவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பல தொட்டிகளின் அடியில் வெப்பப் பாய் ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் தரை கனமாக இருந்தால் சூடு மேலே வராமல் கண்ணாடியிலேயே தேங்கும்; குளிருக்கு அஞ்சிப் புதையும் பாம்பு நேராக அந்தக் கொதிக்கும் கண்ணாடியில் போய்ப் படுத்து வயிற்றைப் பொசுக்கிக்கொள்ளும். ஆழமான தரை போடுபவர்கள் சூட்டை மேலிருந்து விளக்கால் தரவேண்டும். பாய்தான் வேண்டுமென்றால் அந்த இடத்தில் தரை மெல்லியதாக இருக்கட்டும். இரண்டு முறையிலும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அதன் உணரி பாம்பு உண்மையில் படுக்கும் இடத்தில் இருக்கவேண்டும். அதோடு ஒரு டிஜிட்டல் ஈரமானி. இந்த இரண்டையும் வாங்கிய பிறகு படுக்கை வாங்கப் போங்கள்.